வெயிலை அணைத்து வைத்த வேதவல்லி மேடம்

ஓய்வு பெற்றவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. மேலே தாமரைப்பூ வைத்த காலை வணக்கம், கீழே மொட்டை மாடியில் சோலார் போட்டால் மின்கட்டணமே இல்லை என்று ஒரு விளம்பரம். இரண்டுக்கும் நடுவில், ஸ்டோர்ஸ் வேதவல்லி மேடம் மாரடைப்பில் காலமானார் என்று ஒரு வரி. விளம்பரத்தை அனுப்பியவருக்கு இதெல்லாம் தெரியாது, அவர் மேல் குற்றமில்லை. ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அனல்மின் நிலையத்து ஸ்டோர்ஸில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குள்ளஞ்சாவடிக்காரர். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து, என் பேச்சை எனக்கே திருப்பிப் பேசிக் காட்டிக் கிண்டல் செய்தவர். உங்களில் பலருக்குத் தெரியாதது அவருடைய கடைசி வருடங்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி கரண்ட் நமக்குக் காற்று மாதிரி, காசு கிடையாது. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூர் போகிற வழியில் வீடு கட்டிக்கொண்டு போனபோது மேடத்தின் வீட்டிலும் அதே பழக்கம்தான் போனது. ஆனால் மாடியில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற அந்தத் தெருவில், லேசாகக் காற்றடித்தாலே கரண்ட் போய்விடும். அவருடைய கணவர் சுந்தரமூர்த்திக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு விட முடியாத நிலை வந்தது. சிலிண்டர் ஒன்று அவசரத்துக்கு இருந்தது. மற்றபடி கரண்ட் இருந்தால் மூச்சு.

சோலார் விற்க வந்தவர் மாடி முழுக்கப் பேனல் போடச் சொன்னார். மிச்சமாகிற கரண்டை லைனில் விட்டுவிடலாம், வருமானம் என்றார். நானும் அங்கே இருந்தேன். பகலில் நாம் கொடுப்பதை என்ன விலைக்கு எடுப்பார்கள், இருட்டிய பிறகு நமக்கு என்ன விலைக்குத் தருவார்கள், கம்பியில் போவதற்கு ஏதாவது பிடிப்பார்களா என்று மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஆள் எல்லாவற்றுக்கும் சிரித்தார். அவர் போன பிறகு மேடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"நம்ம வூட்டுல அரைச்ச மாவ நாமளே தூக்கிக்கினு போயி அவங்க வூட்டுல கொட்டணும். போன வழிக்கு வாடகை குடுக்கணும். அப்புறம் ராத்திரிக்கு அதே மாவ வெல குடுத்து வாங்கியாரணும். நல்லா இருக்குது சார் இவங்க நாயம்."

இருந்தாலும் வீட்டில் எல்லோரும் வற்புறுத்தியதால் போட்டார். அதில்தான் முதல் அடி விழுந்தது. புது மீட்டர் வருவதற்குள் பேனல்காரர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பழைய மீட்டருக்குக் கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரியாது. எது போனாலும் செலவு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஊருக்குக் கொடுத்த கரண்டுக்கெல்லாம் சேர்த்து இவருக்கே பில் வந்தது. முறையிடப் போன இடத்தில், மீட்டர் காட்டுவதுதான் கணக்கு, கட்டிவிட்டு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மறுநாள் நான் போனபோது நல்ல வெயில். மேடம் பேனல் சுவிட்சை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"வெயில ஆஃப் பண்ணி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கேன் சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுப்பவனிடமே கூலி கேட்கிற இந்த ஏற்பாட்டை உட்கார்ந்து யோசித்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு மேடம் முடிவெடுத்துவிட்டார். ஒரு துளி கரண்டும் வாசலைத் தாண்டக் கூடாது. பாதிப் பேனல்களைக் கழற்றிக் குள்ளஞ்சாவடித் தம்பியிடம் விற்றுவிட்டு, வந்த பணத்தில் ஒரு பேட்டரி வாங்கினார். இரண்டு வேண்டும் என்றுதான் ஆசை. பில்லும் கட்டணமும் தின்றது போக ஒன்றுக்குத்தான் தேறியது. பிறகு வீட்டுக்கு ஷிப்ட் போட்டார். தண்ணீர் மோட்டாரும் வாஷிங் மெஷினும் முதல் ஷிப்ட். கிரைண்டர் ஜெனரல் ஷிப்ட். பொழுது சாய்ந்தால் பேட்டரி முழுக்க சுந்தரமூர்த்தியின் மெஷினுக்கு மட்டும். ஒரு சாயங்காலம் என் போனைச் சார்ஜில் போட்டேன். பிடுங்கிக் கையில் கொடுத்து, "ஒங்க ஷிப்ட் முடிஞ்சிட்டுது, காலைல வாங்க" என்றார். எத்தனை தடவை கரண்ட் போயும் அந்த மெஷின் நிற்கவில்லை.

சாவு வீட்டுக்கு நான் போனபோது மழை விட்டு விட்டுப் பெய்தது. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் மேடம். துபாயிலிருந்து மகன் மறுநாள் காலை வந்து சேர்வான், அதுவரை வைத்திருப்பது என்று பேச்சு. மதியத்துக்கு மேல் கரண்ட் போனது. எங்கோ மரம் விழுந்துவிட்டது, இன்றைக்கு வராது என்றார்கள். யாரோ ஐஸ் பெட்டியைப் பேட்டரி இணைப்பில் செருகிவிட்டார்கள். உள்ளறையில் மெஷின், கூடத்தில் பெட்டி. இரண்டையும் ஒரே பேட்டரி இழுத்தது. வானத்தில் வெயிலே இல்லை. மேடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அலைச்சலில், தீர்ந்திருந்த சிலிண்டரை யாரும் நிரப்பவில்லை. ஜெனரேட்டருக்கு ஓடியவர்கள் முகூர்த்த நாள் என்று வெறுங்கையோடு வந்தார்கள்.

மகள் மலர்விழி பேட்டரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். குள்ளஞ்சாவடித் தாய்மாமன் எழுந்துவிட்டார். பெற்ற பிள்ளை முகம் பார்க்க வேண்டாமா என்றார்.

"அம்மாவா இருந்தா நமக்கு முன்னாடியே புடுங்கியிருப்பாங்க மாமா" என்றாள். "அப்பா மூச்சு விடட்டும். இருட்டறதுக்குள்ள எடுத்துடலாம்."

அப்படியே எடுத்தோம். மகன் விமான நிலையத்தில் நின்றுகொண்டு போனில் பார்த்தான். மழையில் அதுவும் சரியாகத் தெரியவில்லை என்று பிறகு சொன்னான்.

இன்னொரு பேட்டரி இருந்திருந்தால் அந்தப் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்திருப்பான். யாரிடமும் எதுவும் கேட்காமல், தன் வீட்டு மாடியில் விழுந்த வெயிலைத் தன் வீட்டுக்காரருக்கு மூச்சாக்க நினைத்த ஒருவருக்கு நாம் செய்தது இவ்வளவுதான். ஆறுதலாக ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். என்னிடம் இல்லை. மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கரண்ட் கணக்கின் மேல் அவருக்கிருந்த வெறுப்பை. அதை ஆறவிடுவதாக இல்லை.