கைய மடியில வச்சிக்குங்க

"எதையும் தொடாதீங்க மதாம். கைய எடுத்து மடியில வச்சிக்குங்க. இதோ வந்துட்டேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டே அமலநாதன் ஸ்கூட்டரை உதைக்கிறார். ரெட்டியார்பாளையத்திலிருந்து உப்பளம் வரைக்கும் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவர் சொல்லும் முதல் வைத்தியம் இதுதான். பாதிக் கோளாறு கை வைத்ததால் வருவது, மீதி பதறிப்போய் மறுபடி கை வைத்ததால் வருவது என்பது அவர் கட்சி.

வயது நாற்பத்தொன்பது. உள்ளூர் மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அது மூடியபின் வீடு வீடாகப் போகிறார். கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு பென் டிரைவும் தொங்கும். அழித்த போட்டோவை மீட்பது, பெரிய பிடிஎஃப்பைச் சுருக்குவது என்று பொறுக்கிச் சேர்த்த இலவச மென்பொருள்கள் அதில் இருக்கின்றன. ஆனால் மனுஷன் சரியான பயந்தாங்கொள்ளி. எதையும் மூன்று இடத்தில் நகல் எடுப்பார். ஒரு வரி அடித்தால் ஒரு சேவ். சேவ் ஆனதா என்று திறந்து பார்த்து, அதற்கும் ஒரு சேவ். கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே உபதேசம்: "தப்பாயிடுச்சுன்னா கன்ட்ரோல் இசட். அதுக்கும் அடங்கலன்னா எனக்குப் போன். நடுவுல நீங்களா எதுவும் பண்ணாதீங்க."

இன்றைக்குக் கூப்பிட்டது உப்பளத்து வலேரி மதாம். அறுபத்தெட்டு வயது, தனியாள், பிரெஞ்சுக் குடியுரிமை. மகள் ஈனெஸ் பாரீஸில் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குப் போக மதாமுக்குப் புதுப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிரெஞ்சுத் தூதரகம் நேரம் ஒதுக்கி மெயில் அனுப்பியிருப்பதாகச் செல்லுக்குத் தகவல். பகல் பன்னிரண்டுக்குள் மெயிலைத் திறந்து சம்மதம் சொல்லாவிட்டால் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும். பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகிவிட்டது. மூன்றாவதும் தப்பினால் ஒரு நாள் முழுக்கப் பூட்டு. மீட்பதற்குக் கொடுத்திருந்த போன் எண்ணோ காலமான கணவருடையது.

அமலநாதன் நுழைந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. மதாம் நிஜமாகவே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மோந்தியூ, கடவுளே! பத்து வருஷமா ஒரே பாஸ்வேர்டு, அமலா. எங்க வீட்டுக்காரர் பேரும் கல்யாண வருஷமும். அதுகூடவா ஒருத்திக்கு மறந்துபோவும்?"

அமலநாதன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். போன வாரம் இந்த லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். எதையாவது செய்து தொலைத்தோமா, மாதாவே! மெயில் பக்கத்தை அவர் தொடவில்லை. நோட்பேடைத் திறந்தார்.

"இங்க அடிங்க மதாம். இது வெறும் தாளு, பூட்டிக்காது. எப்பவும் அடிக்கிற மாரியே அடிங்க."

மதாம் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அர்மான் என்ற கணவர் பெயருக்கு முதலில் வரவேண்டியது ஏ. திரையில் வந்தது க்யூ. வருஷம் இருக்கவேண்டிய இடத்தில் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியும் நின்றன.

அமலநாதன் குனிந்து விசைகளைப் பார்த்தார். லேப்டாப், ஈனெஸ் பாரீஸிலிருந்து கொண்டுவந்தது. பிரெஞ்சுக் கீபோர்டு. நம்மூர்க் கீபோர்டில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். எண் வேண்டுமென்றால் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். இவரோ எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி ஆங்கில அமைப்பை வைத்துவிட்டு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறார். மூன்று நகல் எடுக்கத் தெரிந்த மகராசனுக்குக் கண்ணெதிரே விசைகளில் அச்சடித்திருந்த எழுத்து தெரியவில்லை! பாஸ்வேர்டுப் பெட்டியில் வெறும் புள்ளிகள்தானே விழும். மதாமுக்கும் தெரிய வழியில்லை.

"ஒன்னுமில்ல, சின்ன செட்டிங்" என்று முணுமுணுத்தார். மொழி அமைப்பில் பிரெஞ்சுக் கீபோர்டைச் சேர்த்து, விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் ஒன்றாக அழுத்தி மாற்றினார். நோட்பேடில் மறுபடி அடிக்கச் சொன்னார். அர்மான் கல்யாண வருஷத்தோடு முழுசாக வந்தார். ஆனாலும் மதாம் மெயிலில் மூன்றாவது தடவை அடித்தபோது அமலநாதன் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். திறந்துகொண்டது. சம்மதம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். நரம்பு டாக்டரிடம் நாளைக்குப் பதிந்துவைத்த டோக்கன்.

"ஒரு வாரமா இந்த லேப்டாப்புல ஈனெஸுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு வரி அடிச்சாக்கூட எழுத்துக்கு எழுத்து தப்பு. வெரலும் போச்சு, மூளையும் போச்சுன்னே முடிவு கட்டிட்டேன். அவகிட்ட சொல்லல. சொன்னா, பொறந்த கொழந்தைய இந்தக் கையில எப்பிடி நம்பிக் குடுப்பா?"

சின்ன செட்டிங் என்று சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று கிளம்பிவிடலாம். விஷயம் வெளியே தெரிந்தால் இந்தத் தெருவே கூப்பிடாது. எழுந்த அமலநாதன் மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒன்னும் மறக்கல மதாம். வெரலுக்கும் ஒன்னுமில்ல. போன வாரம் நான்தான் கீபோர்ட தப்பா வச்சிட்டுப் போயிட்டேன். நீங்க இத்தினி நாளும் சரியாத்தான் அடிச்சிருக்கீங்க."

மதாம் அவரையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று அமலநாதன் தலையைக் குனிந்துகொண்டார். மதாம் தனக்கு இனி வேண்டாத டோக்கனை நாலாக மடித்து, அவர் சட்டைப் பையில் செருகி, வெளியே விழாதபடி பையை இரண்டு தட்டுத் தட்டினார்.