நாடா டிஸ்க்

தங்கைக்கு கணினி பழுது பார்க்கும் கடை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்காவுக்கு இதை யாரிடம் சொன்னாலும் தலை கொஞ்சம் நிமிரும். தையல் வேலை இல்லாத நாட்களில் அந்தக் கடைக்குப் போய், சிக்கிக் கிடக்கும் ஒயர்களைப் பிரித்து, இனம் இனமாகச் சுருட்டி, நூலால் கட்டி வைப்பாள்.

"இது ஏன்டி இவ்வளவு அகலம், பாவாடை நாடா மாதிரி?"

"பழைய ஹார்ட் டிஸ்க் கேபிள், அக்கா. ஒரே நாடாவில ரெண்டு டிஸ்க் மாட்டலாம். எது பெரியது, எது சின்னதுன்னு நாம சொல்லி வைக்கணும். சொல்லாம விட்டா ரெண்டுமே முகம் காட்டாது."

"ஓரகத்திங்க மாதிரின்னு சொல்லு. இந்த ஒல்லிக் கயிறு?"

"சாட்டா, புது டிஸ்க்குக்கு. ஆளுக்கொரு கயிறு. தனிக்குடித்தனம். வேகமும் ஜாஸ்தி."

முன்பென்றால் தங்கை இதைச் சொல்லிவிட்டுச் சிரித்திருப்பாள். கணவன் இறந்ததிலிருந்து அவள் முகம் வெள்ளையடித்த சுவர். அழவும் இல்லை, காரியம் முடிந்ததும் கடையைத் திறந்துவிட்டாள்.

அவனுடைய டிஸ்க், நாடா இனம், துணி சுற்றி மேஜைக்கடியில் கிடந்தது. அவன் எடுத்த படங்களும் அவன் குரலும் அதில்தான். வெளியூருக்குப் படிக்கப் போகும் மகள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: "இப்ப எல்லா மிஷினும் சாட்டா. இதை மாட்ட கன்வெர்ட்டர் வேணும். கிடைக்கல."

இழுப்பறையின் அடியில் அக்கா கைக்கு ஒரு சின்னப் பலகை தட்டுப்பட்டது. ஒரு பக்கம் நாடா அகலம், மறுபக்கம் ஒல்லிக் கயிற்றுக்கான வாய். எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எடுத்த இடத்திலயே வை."

"சும்மா கிடந்தாலும் பழைய டிஸ்க் செத்துப்போகும்னு நீதானே சொல்லுவ?"

தங்கை குனிந்து மேஜைக்கடியிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். துணியைப் பிரித்து அந்தப் பலகையில் மாட்டினாள். டிஸ்க் முனகிக்கொண்டு சுழன்றது. புது டிஸ்க்குக்கு நகல் ஊர்ந்தது.

"சாட்டா வேகம்னியே?"

"வாங்குறது வேகமா இருந்து என்ன அக்கா, குடுக்கிறது கிழமாச்சே."

யார் டிஸ்க்காக இருந்தாலும் உள்ளே திறந்து பார்ப்பதில்லை என்பது அவள் தொழில் வழக்கம். இரண்டு பக்கமும் அளவு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பாள். இதற்கும் அப்படித்தான் செய்தாள்.

சாயங்காலம் மகள் புது டிஸ்க்கைக் கையில் வாங்கினாள். "அப்பா பேசினது இருக்காம்மா?"

"எல்லாம் வந்திருக்கு."

"நீ கேட்டியா?"

"கடையில திறந்து பார்க்க மாட்டோம்மா."

மகள் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். தங்கை அடுத்த மிஷினின் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். அக்கா பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றினாள்.

"இதை எங்கடி வைக்கட்டும்?"

"எங்கயாவது வை, அக்கா. எங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத."