மழை பார்க்கும் துரைராசு

“மழை பாக்கத்தாங்க. வேற ஒண்ணுக்கும் இல்லீங்க” என்று பவ்யமாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார் துரைராசு. எதிரே தாசில்தார் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் பதில் சொன்னது தன் கைப்பேசிக்கு. யூடியூபைத் தொட்டால் அதில் உடனே படம் ஓடாது. முதலில் நீல நிறத்தில் ஒரு வட்டம் வரும். அது பெரிதாகும்போது மூச்சை இழுக்கவேண்டும், சிறிதாகும்போது விடவேண்டும். பிறகு “இப்போது இதை எதற்காகத் திறக்கிறீர்கள்?” என்று எழுத்தில் கேட்கும். ஒரு பதிலை விரலால் தொட்டால் போதும். துரைராசுவோ வாய்விட்டுச் சொல்வார். ஒருத்தர் கேட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையாம்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். துரைராசு எனக்கு எதிர்வீடு. அறுபதை நெருங்குகிறார். மடித்துக் கட்டிய வேட்டி, கை வைத்த பனியன், இடுப்பு மடிப்பில் செருகிய கைப்பேசி. குனிந்தால் அது நழுவும். அதனாலேயே மனுஷர் கொஞ்ச காலமாக வயலில் குனிவதை விட்டுவிட்டார்.

சீட்டு, பாட்டில், வெற்றிலை எதுவும் அவருக்குக் கிடையாது. வானிலைதான் போதை. இந்தப் பக்கத்தில் மழையைப் பற்றிக் கவலைப்படாத விவசாயி யார்? ஆனால் இவர் கவலை வேறு ரகம். மழை சொல்லும் சேனல் தம்பிகள் அத்தனை பேரும் இவருக்குப் பங்காளிகள். “ஐரோப்பாக்காரன் கணிப்புல நாளைக்குக் கொட்டுங்கிறான். அமெரிக்காக்காரன் இல்லவே இல்லைங்கிறான். ரெண்டு பேரையும் நம்பாதீங்கன்னு நம்ம தம்பி சொல்லிட்டாரு” என்பார். அந்தமான் பக்கத்துத் தாழ்வு நிலையை, வேலைக்குப் போகாத மருமகனை விசாரிக்கும் சலிப்போடு விசாரிப்பார். “இன்னும் அங்கயேதான் சுத்திக்கிட்டுக் கெடக்கு. எப்ப கெளம்புமோ!”

சரி, மழையோடாவது நின்றாரா? ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்குமே! மழையில் ஆரம்பித்து, பஞ்சாப் சேற்றில் மாட்டிய டிராக்டர், அண்டா நிறைய மீன்குழம்பு, கிணற்றுக்குள் பாம்பு பிடிப்பவர் என்று ஊர் ஊராகப் போவார். ஒருநாள் வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு உட்கார்ந்தவருக்கு, தண்ணீர் தன் வயலைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் பாய்ந்தது தெரியவில்லை. அந்த வயல்காரர் அப்துல் மஜீது பாய் பதறிக்கொண்டு ஓடி வந்து கூப்பிட்டார். “செத்த இருங்க பாய், வாலு மட்டுந்தான் பாக்கி” என்றார் இவர், பாம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன வருடக் குறுவை அறுவடையில்தான் விஷயம் முற்றியது. அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நேரலையில் தம்பி, “பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் மழை தொடங்கியிருக்கலாம்” என்கிறார். இவர் “எங்க ஊருக்கு எப்ப தம்பி?” என்று எழுத்துக்கூட்டித் தட்டிக்கொண்டிருக்கிறார். திரையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. வேட்டி முனையால் துடைத்தார். இன்னொரு துளி விழுந்தது. அதையும் துடைத்துவிட்டுக் கேள்வியை அனுப்பினார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன், சத்தியம். நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் நெல் மிதந்தது. அது முளைவிட்டு, கடைசியில் வாத்து மேய்க்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் மனைவி பிரகதாம்பாள் வாய்த்துடுக்குக்காரர். தெருமுனையில் திட்டினால் எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்கும். அன்றைக்கு அவர் திட்டவே இல்லை. முறத்தை மாட்டிவிட்டு நிதானமாக ஒன்று சொன்னார். “நெலம் எங்கப்பா எனக்கு எழுதிக் குடுத்தது. அடுத்த குறுவையும் நனைஞ்சா குத்தகைக்கு விட்டுடுவேன். நீங்க மரத்தடியில ஒக்காந்து ஒலகத்து மழையெல்லாம் பாருங்க.” துரைராசு அன்று சாப்பிடவில்லை. வரப்பில் நடக்காவிட்டால் காலையில் பொழுது விடிந்ததாகவே ஒத்துக்கொள்ளாத ஆள் அவர். நிலத்தை இன்னொருத்தர் உழுதால் இந்த மனுஷர் என்ன ஆவார்?

சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஜெயபாரதி லீவில் வந்தபோதுதான் நீல வட்டம் காட்டிக் கேள்வி கேட்கும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். “அப்பா, இது திட்டாது, பூட்டாது. மெதுவா கேக்கும். அவ்வளவுதான்” என்றாள். “திட்டியே ஒறைக்காத ஆளு. மெதுவா கேட்டா கிழிச்சுடுவாரு” என்றார் பிரகதாம்பாள். ஆனால் பாருங்கள், அந்த மெதுவில்தான் துரைராசு விழுந்தார். “என்னை நீங்கன்னு கூப்பிட்டு, எதுக்குன்னு நிதானமா இதுவரைக்கும் யாருங்க கேட்டிருக்கா?” என்று என்னிடம் நெகிழ்ந்துபோனார். பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “சும்மாதாங்க” என்று ஒப்புக்கொண்டு, தானே வெட்கப்பட்டு மூடி வைத்த நாட்களும் உண்டு. பிரகதாம்பாளுக்குப் பொறாமை. அடுப்படியிலிருந்து குரலை இழுத்து, “இப்ப எதுக்குங்க இதைத் தொறக்குறீங்க?” என்று பாடிக் காட்டுவார். அதற்கு மட்டும் பதில் வராது.

செயலியில் ஒரு மணியும் உண்டு. அவ்வப்போது டங் என்று அடிக்கும். அப்போது செய்கிற வேலையை நிறுத்தி ஒரு மூச்சு கவனித்து விடவேண்டும். துரைராசு வரப்பில் நின்றபடி கண்ணை மூடிக் கைகூப்பிவிடுவார். நடவுக்கு வந்த பெண்கள் முதலில் சாமிமணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விவரம் தெரிந்ததும் அவர்கள் தலைவி அகிலாண்டம் சட்டென்று பிடித்துக்கொண்டாள். “ஏ, மணி அடிச்சிருச்சு! எல்லாரும் நிமிந்து மூச்சு வுடுங்கடி!” மொத்த வரிசையும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தது. வெயில் ஏற ஏற அகிலாண்டத்துக்கு இந்தத் தியானம் ரொம்பப் பிடித்துப்போனது. “என்னண்ணே, இன்னும் அடிக்கல? சார்ஜு இருக்கா பாருங்க.” நடவு மறுநாளைக்கு நீண்டது. பிரகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டார்.

எப்படியோ பயிர் விளைந்தது. இந்த வருடக் குறுவை நெல், அரசுக் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே, திறந்த வெளியில், தன் முறைக்காகக் காத்துக் கிடந்தது. நன்றாகக் காய்ந்த நெல். நனைந்தால் ஈரம் ஏறிவிடும், யாரும் தொட மாட்டார்கள். பிரகதாம்பாள் பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் எதிரே ஈஸ்வரி டீக்கடையில் இருந்தேன். துரைராசு நெல் ஓரத்தில் குந்தி, இடுப்பிலிருந்து கைப்பேசியை உருவினார். எனக்குப் பகீரென்றது. பிரகதாம்பாளும் பார்த்துவிட்டுப் பலகையை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

வட்டம் வந்தது. மூச்சு விட்டார். அன்றைக்குச் செயலி புதிதாக ஒன்று கேட்டது: “உங்களைச் சுற்றி இப்போது இருப்பவற்றில் மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.” இவர் சத்தமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். “ஒண்ணு, நெல்லுங்க. ரெண்டு, பிரகதாம்பாளுங்க.” மூன்றாவதைத் தேடி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பிவிட்டுத் தலையைத் தூக்கினார். மேற்கே, அரிசி ஆலைக் கூரைக்குப் பின்னால், வானம் மைக்கறுப்பாகத் திரண்டு நின்றது.

“மூணு... அய்யய்யோ, மழைடீ! பிரகதா, கூட்டு, கூட்டு! படுதாவை எடு!”

அந்த மனுஷர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்காமல் அண்டர்வேரோடு நெல்லை வாரித் தள்ளினார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். ஈஸ்வரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். குவித்து, படுதாவை இழுத்து மூடி, ஓரங்களில் செங்கல்லை வைக்கவும் முதல் அடி மழை சாய்த்துக்கொண்டு இறங்கவும் சரியாக இருந்தது. கல் கிடைக்காத மூலையில் துரைராசு தானே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“போன் எங்கண்ணே?” என்றேன், மழைக்கு மேல் கத்தி.

“நெல்லுக்குள்ள எங்கயாச்சும் கெடக்கும், வுடுங்க.”

மழை சீக்கிரம் விடுவதாக இல்லை. பிரகதாம்பாள் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. துரைராசு படுதாவுக்கு அடியில் தோள்வரை கையை விட்டு, அடியில் கிடந்த நெல்லில் ஒரு பிடி அள்ளினார். காய்ந்த நெல் என்றால் கடித்தால் உடையும், ஈரம் ஏறியது மசியும். தான் கடித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை போல. மழை படாமல் மூடிய கையை அப்படியே மனைவியிடம் நீட்டினார்.

பிரகதாம்பாள் அதிலிருந்து ஒரே ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். நறுக்கென்று உடைந்தது. உமியைத் துப்பினார். தலையிலிருந்த சாக்கை உருவி, “குனிங்க” என்று சொல்லி, துரைராசுவின் ஈரத் தலையைப் பரபரவென்று துவட்ட ஆரம்பித்தார்.