வெட்டாத கடைசி மடிப்பு

மரகதத்தின் கதையைப் படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்த அத்தனை பேருக்கும் சொல்கிறேன், அந்தக் கதைக்குப் பிழை திருத்திய நம் நண்டர் போய்விட்டார், அதுவும் கடைசிப் பதினாறு பக்கங்களை வாசிக்காமலே போய்விட்டார்!

செய்தி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகத்தில் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஓட்டும் காசிம் நானா கையில் மையோடு வந்து நின்றார். "தம்பி, நண்டர் மௌத்தாப் பெய்த்தாராம். இழுப்பு வந்து, ஞாயித்துக்கிழமையே." என் கையிலிருந்த எழுத்துகள் சிந்தின. குனிந்து பொறுக்கினேன். எதையும் சரியான அறையில் போடவில்லை.

நண்டரின் பெயர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்துக்காரர்; வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில் மனைவியோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. புரூப் தாளைக் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லுக்குப் பின்பக்கமாக வாசிப்பார். அதனால்தான் பின்னால் நடக்கும் நண்டின் பட்டம் அவருக்கு. முன்பக்கமாக வாசித்தால் கதை கண்ணைக் கட்டிவிடும், பிழை தப்பிவிடும் என்பது அவர் கொள்கை. அப்படியே முப்பது வருடம். ஒரு கொம்புகூட அவரிடமிருந்து தப்பியதில்லை.

அவருக்கு வாய் பொல்லாதது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். ஈய எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்தே எழுத்துப் படித்தவன். என் முதற் பக்கத்தைத் திருத்திவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இவன்ர கையை வெட்டி முகத்துவாரத்து மீனுக்குப் போட்டாலும் மீன் தின்னாது." அச்சகமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிறகு மரகதம் வந்தாள்! உங்களுக்குத் தெரியும்தானே, அந்தக் கையெழுத்துப் பிரதி எங்களை என்ன பாடு படுத்தியது! புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்விட்டான். கடிதம் இல்லை. அவள் தினமும் துறைமுகத்துக்கு வந்து போகிறாள். நான் கோத்த பக்கங்களைச் சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசிப்பேன். எல்லாரும் சோற்றைப் பிசைந்தபடி கேட்பார்கள். நண்டர் மட்டும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து புட்டுச் சாப்பிடுவார்.

ஒரு நாள், "மரகதம் கதவைத் திறந்தாள்" என்ற இடத்தில் மணி அடித்துவிட்டது. நான் தாளை மடித்தேன்.

"பிறகு?" என்றது ஒரு குரல். முதுகு திரும்பவில்லை.

"காசிம் நானா! நண்டு முன்னால நடக்குது!" என்று கத்தினேன்.

"வாயை மூடிக்கொண்டு வாசியடா," என்றார் அவர். நான் வாசிக்கவில்லை. வேண்டுமென்றே போய்விட்டேன். அவர் எழுந்து என் மேசைக்கு வந்து தாளை எடுத்து, நின்றபடியே முன்பக்கமாக வாசித்தார். புட்டுக் கை காய்ந்து போயிற்று.

பிறகொரு நாள் தானாகவே என்னிடம் சொன்னார்: "பன்ரண்டு வயசில சக்கரை சுத்தி வாற கடதாசியையும் வாசிக்காமல் விடமாட்டன். பேந்து இந்த வேலைக்கு வந்தன். ஆயிரம் புத்தகம் என்ர கையால போயிருக்கு தம்பி. ஒண்டின்ர கதையும் எனக்குத் தெரியாது." ஐம்பத்திரண்டு வயதில் அந்த மனிதர் திரும்பவும் பன்னிரண்டு வயதுக்காரரைப் போலக் காலை வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்தார். முதல் நாள் வாசித்ததை இரவில் எழுத்துத் தெரியாத மனைவி பாக்கியம் அக்காவுக்கு அப்படியே சொல்லிவிட்டு வருவார். "அவ சமைக்காமல் இருந்து கேக்கிறா," என்று பெருமையடித்தார்.

கதையை முன்னால் வாசித்துவிட்டுத்தான் பின்னால் திருத்த வேண்டும் என்று வைத்திருந்தார். அந்தக் கடிதம் வரும் கட்டத்தில் பின்னால் போக மறந்துவிட்டார். "மரகதம் கடிதத்தைப் பிரித்தாள்" என்ற வரியை நான் இரண்டு தரம் கோத்திருந்தேன். அடுத்தடுத்து, ஒன்றன் கீழ் ஒன்று. குருடனும் காணும் பிழை. தாள் முழுவதும் அச்சாகி முடிந்த பிறகு முதலாளி கண்டார்.

எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேட்டார். "தில்லைநாதன், இது உம்முடைய கண்ணுக்குப் படேல்லையோ?"

"பட்டது," என்றார் நண்டர். "ரெண்டு தரம் பிரிக்கிறாள் எண்டு நினைச்சன். ஒருக்காப் பிரிச்சுப் பயத்தில மூடிப்போட்டு, திரும்பவும் பிரிக்கிறாள் எண்டு."

நாங்கள் சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முதலாளியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "கதை வாசிக்கவோ உமக்குச் சம்பளம்? நாளைக்கு வரவேண்டாம்," என்றார். வரியை இரட்டித்தவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவர் வந்தார், வெளிவாசல்வரை. அச்சான தாள் எதையும் அவருக்குக் காட்டக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கடிதத்தில என்ன கிடந்தது?" என்று கேட்பார். எங்களுக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது. காசிம் நானா ஒரு கிழமை, "மரகதம் ஒரு பறங்கியக் கலியாணம் முடிச்சிட்டா," என்பார். அடுத்த கிழமை, "புருஷன்காரன் ரங்கூன்ல சாயக்கட போட்டிரிக்கான்," என்பார். நண்டர் ஒவ்வொன்றையும் நம்புவதா விடுவதா என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பார். முப்பது வருடம் பிழை பிடித்த கண்கள்! எங்கள் முகத்தில் பிடிக்க முடியவில்லை.

அவர் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை என் முறை. நான் அன்றுதான் முடிவைக் கோத்திருந்தேன்.

"நீயெண்டாலும் உண்மையைச் சொல்லடா. நீதானே கோக்கிறாய்."

மீன் தின்னாத கை அப்போது ஞாபகம் வந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மெதுவாக, "அண்ணை, அவ கிணத்தில விழுந்திட்டா. பிரேதத்தைத்தான் எடுத்தவை," என்றேன்.

அவர் கம்பியை விட்டார். "பாக்கியத்துக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார். என்னைக் கேட்கவில்லை, தெருவைப் பார்த்துக் கேட்டார். பிறகு டிராம் பக்கமாக நடந்தார். நான் உள்ளே வந்து காசிம் நானாவிடம் சொன்னேன். "நல்ல போடு போட்டாய்," என்று முதுகில் தட்டினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது. அடுத்த மாதம் புத்தகம் வெளிவந்தது; அப்போதும் அவர் வாசலுக்கு வரவில்லை.

சாவுச் செய்தி வந்த மறுநாள், புதன்கிழமை, வெள்ளவத்தைக்குப் போனேன். பாக்கியம் அக்கா வெறும் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மரகதத்தின் புத்தகம். வெளிவந்த அன்றே நண்டர் வாங்கியிருக்கிறார். எங்கள் அச்சகத்தில் ஓரம் வெட்டும் இயந்திரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்தான் மடிப்புகளைக் கத்தியால் கீறி வாசிக்க வேண்டும். நண்டர் ஒவ்வொரு மடிப்பையும் நூல் பிடித்தது போல் கீறியிருந்தார். கடைசி மடிப்பு மட்டும் கீறப்படவில்லை. இடைவெளியால்கூட எட்டிப் பார்க்க முடியாதபடி அதைச் சுற்றி வெள்ளை நூல் கட்டியிருந்தது.

"கதை இவ்வளவுதான் எண்டு சொல்லிப்போட்டார் தம்பி," என்றார் அக்கா. "பேந்து ஒவ்வொரு நாளும் முதலில இருந்து வாசிச்சுக் காட்டினவர். அவள் சிரிச்சுக்கொண்டிருந்த இடம்வரைக்கும்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வெட்டாத தாள் எது எண்டு தெரியாமல் போகுமோ?"

அக்கா புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் அச்சடிச்சனீங்கள்தானே. சொல்லுங்கோ. அவளின்ர மனுசன் வந்தவனோ?"

சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் அச்சக வாசலில் நான் அவருக்குச் சொன்னதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரேயொரு புரூப் தாள். "மரகதம் கடிதத்தைப் பிரித்தாள்" இரண்டு தரம் நிற்கிறது. பக்கத்தில் திருத்தக் குறி எதுவும் இல்லை. புட்டுக் கையின் எண்ணெய்த் தடம் மட்டும் இருக்கிறது. வாசிக்க வாசிக்க அவர் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. அவள் இரண்டு தரம்தான் பிரித்திருப்பாள்.

நண்பர்களே, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைக்கு வாருங்கள். முதலில் நான் அக்காவிடம் என் பொய்யைச் சொல்வேன். அதற்குப் பிறகும் அவர் எங்களை வீட்டுக்குள் விட்டால், அவர் கையாலேயே நூலை அவிழ்த்து மடிப்பைக் கீறட்டும். பதினாறு பக்கம், ஆளுக்கொரு பக்கம், முன்பக்கமாக, உரக்க வாசிக்கப் பதினாறு பேர் வேண்டும். காசிம் நானாவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் வருகிறார். நீங்கள் எந்தப் பக்கம் எடுக்கிறீர்கள் என்று அச்சகத்துக்கு எழுதுங்கள். கடைசிப் பக்கத்தைக் கேட்காதீர்கள், அது எனக்கு. முடிவு தெரிந்தவர்கள் அதுவரை தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அந்தத் தெருவில் யாரிடமும் ஒரு சொல்கூட வேண்டாம்.