முதலில் யாருக்குச் சொல்வது

என் அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. லிஃப்ட் மெக்கானிக். பனிக்கட்டியை ஃபிரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்திருந்த அந்த மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே ஆறாயிரம் மீட்டர் சிகரத்தில் ஏறப்போவதாகச் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. பிடித்தால் பிடித்ததுதான் என்று நிற்கிற ஆளோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவர் அவர்.

"முப்பது வருஷமா ஊரையே மேல ஏத்தி விட்டுட்டேன். நான் மட்டும் லிஃப்ட் குழியிலயே நிக்கிறேன்டா" என்றார் அண்ணன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மை என்னவென்றால், ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் மலையேற்றச் சங்கத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு நாள் முழுக்க அதன் எதிரிலேயே நின்று வேலை பார்த்திருக்கிறார். வேறு பெரிய காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்குப் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றைப் பிடித்தார். கருவிப் பையோடு பன்னிரண்டு லிட்டர் தண்ணீரையும் முதுகில் சுமந்துகொண்டு தினமும் நான்கு முறை படியேறினார். ஒரே வாரத்தில் அந்தக் கட்டடம் கலவரமானது. லிஃப்ட் மெக்கானிக்கே மூச்சிரைக்கப் படியேறிப் போகிறார் என்றால் என்ன அர்த்தம்? பதினோராம் மாடிக்காரர்கள்கூடக் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். புகார் கம்பெனி வரை போய்விட்டது. கடைசியில் அண்ணன் ஒரு சனிக்கிழமை முழுவதும், நம்பாதவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் மேலும் கீழும் போய்வந்து நிரூபிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் மீண்டும் படியில்தான் ஏறினார். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

புது பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டுமாம். வீட்டுக்குள் நடக்கும்போதும் பூட்ஸ், டிவி பார்க்கும்போதும் பூட்ஸ். அண்ணி துடைப்பத்தோடு பின்னாலேயே போவார். டாக்டர் இதயத்தைச் சோதித்துவிட்டு, தன் இதயத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். எனக்கே உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கடைசியாக ஒரு படிவம் மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டார் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதை என் வீட்டில் உட்கார்ந்துதான் நிரப்பினார். 'உயிரிழந்தால் உடலை என்ன செய்வது?' என்று ஒரு கேள்வி. கீழே கொண்டுவரலாம், அல்லது அங்கேயே விட்டுவிடலாம். அண்ணன் 'அங்கேயே' என்பதில் டிக் போட்டார். அடுத்த கேள்வி, 'முதலில் யாருக்குத் தெரிவிப்பது?' அதில் என் நம்பரை எழுதினார்.

"அவ தனியா இருக்கும்போது போன் வந்தா என்ன ஆவா? நீ நேர்ல போய் பக்குவமா சொல்லு."

சரியென்று தலையாட்டினேன். எங்கள் இருவருக்கும் அது பெரிய கரிசனமாகத் தோன்றியது.

புதன்கிழமை படிவத்தை அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி ஒரு வரி விடாமல் படித்தார். மடித்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. வியாழன் சாயங்காலம் அண்ணன் எனக்கு போன் செய்தார். "நாளைக்குத்தான்டா கடைசி. நீ வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லு." குரலைக் கேட்கப் பாவமாக இருந்தது.

அவ்வளவு உயரத்திலிருந்து ஓர் உடலைக் கீழே கொண்டுவருவது எவ்வளவு ஆபத்து என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை.

"அதைப் பத்தி நான் கேட்டேனா?" என்றார் அண்ணி. "செத்தவரைத் தூக்க உசிரோட இருக்கிறவங்க ஏன் சாகணும்? அவர் டிக் போட்டது சரிதான்."

அண்ணி படிவத்தை விரித்து அடுத்த வரியில் விரல் வைத்தார்.

"இது யார் நம்பர்?"

"என்னோடது, அண்ணி."

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. பத்தொன்பது வருடமாக விசாரணை மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். அது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவே இல்லை.

"தினமும் பாக்கறேன். ஆள் போயிட்டார்னு மொத்தக் குடும்பத்துக்கும் தெரிஞ்சிருக்கும், பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவ புருஷனுக்கு மாத்துத் துணி எடுத்துக்கிட்டு வந்து, 'எந்த வார்டு'ன்னு என்கிட்ட சிரிச்சுக்கிட்டே கேப்பா. பின்னால நிக்கிற கொழுந்தனும் மச்சானும் சொல்லாதீங்கன்னு எனக்குக் கண்ணைக் காட்டுவாங்க. என்னையும் அப்படி நிக்க வைக்கப் பாத்தீங்களா, ரெண்டு பேரும்?"

அண்ணன் பூட்ஸோடு சுவரில் சாய்ந்து நின்றார். "நீ தாங்க மாட்டேன்னுதான்..."

"தாங்கறேனா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். மலைக்குப் போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா? போயிட்டு வாங்க. ஆனா நல்லதோ கெட்டதோ, எனக்குத்தான் முதல்ல தெரியணும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அண்ணி பேனாவை எடுத்து என் நம்பரை அடித்தார். மேலே தன் நம்பரை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அண்ணனிடம் நீட்டினார்.

"சரியா இருக்கான்னு சத்தமா படிங்க. ஒரு எண் மாறினாலும் வேற யார் வீட்டுலயோ மணி அடிக்கும்."

அண்ணன் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஆறாவது எண்ணில் குரல் உடைந்து நின்றுவிட்டது. அண்ணி விடவில்லை.

"முதல்ல இருந்து படிங்க" என்றார்.