கடைமடையில் மேட்டூர் பாய்

"மேட்டூர் நூத்திப் பதினாறு அடி!"

காரைக்கால் பக்கத்துப் போலகம் டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்குள் தமீம் அன்சாரி அறிவித்துவிடுகிறார். கைப்பேசியை மூக்குக்கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து மேலும் படிக்கிறார். "கல்லணையிலயும் தொறந்துட்டாங்க. நமக்கு?" அதற்கு அவரே உதட்டைப் பிதுக்கிவிட்டு டீயை எடுக்கிறார். ஊரில் அவருக்கு 'மேட்டூர் பாய்' என்று பேர். மேட்டூரை அவர் பார்த்ததே இல்லை.

ஷார்ஜாவில் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கியவர். ஊர் திரும்பியவர்கள் எல்லாம் கடை வைத்தார்கள். இவர் திருமலைராஜன் ஆற்றங்கரையில் வயல் வாங்கினார். "அங்க பாட்டில் தண்ணியாவே பாத்து அலுத்துப்போச்சுங்க. ஓடுற தண்ணிக்குப் பக்கத்துல கெடக்கணும்னு ஒரு ஆசை." வரப்பில் நடக்கும்போதும் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும். கைலியை மடித்துக் கட்டி, பிஸ்மி சொல்லித்தான் சேற்றில் கால் வைப்பார்.

குடகில் பிறந்து, அணை அணையாக நின்று, கல்லணையில் பிரிந்து, அப்புறமும் பிரிந்து பிரிந்து மெலிந்து காரைக்கால் வருவதற்குள் அந்த ஆறு பெயரையே தொலைத்துவிடுகிறது. இங்கே அது அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜன். "காவேரிங்கிற பேரே இங்க வந்து சேரல. தண்ணி எப்படிங்க வரும்?" என்பார் அன்சாரி, சிரிக்காமல். மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்காத காலத்தில் கடல்தான் ஆற்றுக்குள் ஏறி வரும்.

இந்த வருஷம் அணை திறந்த செய்தியை நம்பி விதைத்தார். பயிர் பச்சை கட்டியது. ஆறு வரவில்லை, மணலில் நாய்கள் படுத்துக் கிடந்தன. பக்கத்து வயல் மாணிக்கவேலிடம் கேட்டு, அவருடைய போர்வெல் தண்ணீரைப் பாய்ச்சினார். அதுவும் உப்பாக மாறியிருந்தது தெரியவந்தபோது பயிரின் நுனி கருகி, வரப்போரம் வெள்ளை பூத்துவிட்டது.

மனைவி ஆரிபா சோற்றுத் தூக்குடன் வயலுக்கே வந்தார். "பசியோட பயிரப் பாத்துக்கிட்டே இருந்தா அது பொழச்சிருமா? எந்திரிங்க."

"வேற யாரைக் குத்தம் சொல்றது ஆரிபா? நாந்தானே பாய்ச்சினேன். உப்புத் தண்ணிய என் கையால ஊத்திருக்கேன்."

ஆரிபா தூக்கைத் திறக்காமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு குடகில் மழை கொட்டியது. அணை நிரம்பி உபரியைத் திறந்துவிட, ஆறு செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் நின்று ஜனங்கள் படம் எடுத்தார்கள், பூத்தூவினார்கள். கைப்பிடிச் சுவரில் முழங்கை ஊன்றி நின்ற அன்சாரியிடம் மாணிக்கவேல் ஓடி வந்தார்.

"பாய், தண்ணி வந்துருச்சு! மடையத் தொறங்க!"

"எதுக்கு?"

"உப்பாவது கழுவிக்கிட்டுப் போகுமே."

"கழுவும். பயிரு?"

பாலத்துக்கு அடியில் ஆறு கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. "போன மாசம் இதுல ஒரு வாய்க்கா வந்திருந்தாப் போதும்" என்றார் அன்சாரி. குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் ஆடு மேய்க்கும் மாரிக்கண்ணு வயலோரமாக வந்தார். வேலி முள்ளுக்குள் மூக்கை நுழைத்த ஆடுகளைக் கம்பால் தட்டினார். "ஏய், அது பாய் பயிரு. இந்தப் பக்கம் வா."

வரப்பில் நின்ற அன்சாரி முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டார். "உள்ள விடும்மா."

"ஐயோ பாய், நின்ன பயிருல ஆட்ட விடுறதா? எனக்கு மனசு வரலீங்க."

அன்சாரி வயலில் இறங்கிக் குனிந்து ஒரு பிடி பயிரைப் பிடுங்கினார். வேரில் இருந்த மண்ணைத் தொடையில் தட்டி உதறி, முன்னால் நின்ற ஆட்டின் வாயருகே நீட்டினார்.