கரி தின்ன மருந்து

எங்க வீட்டுப் பரண்ல ஒரு பிஸ்கட் டின்னு கெடக்கு. அடிப்பக்கம் பூரா ஆணியால குத்துன ஓட்டை. உள்ள ஒரே ஒரு பல்லு. என் பல்லுதான். மத்த பல்லெல்லாம் வயசாகி விழுந்துது, அது ஒண்ணுதான் காரணத்தோட விழுந்துது. மருந்து ஊத்துன தண்ணியில கரியப் போடாதலேன்னு ஒரு மனுசன் சொன்னதக் கேக்காம இருந்ததுக்கு நான் வாங்குன மெடலு. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எம் மக எழுதுதா, கெட்ட வார்த்தை வந்தா பேனாவ மூடிக்கிடுதா. அந்த எடத்துல நீங்களே ஒண்ணப் போட்டு வாசிச்சிக்கிடுங்க.

அறுபதுகள்ல ஒரு வருசம், குத்தாலத்துல சாரல் சீசனுக்கு ஒரு முதலாளி கடல்மீன் காட்சி போட்டாரு. அருவியில குளிச்சிட்டு எண்ணெயும் ஈரத்துண்டுமா வாற சனத்துக்கு உயிரோட கடல்மீனைக் காட்டணும். தூத்துக்குடியிலேருந்து லாரியில தகர டின்னுல மீனும், பீப்பாயில கடல்தண்ணியும் வரும். நான் அப்பம் தென்காசி ஸ்டேஷன்ல மூட்டை தூக்கிட்டுக் கெடந்தேன். முதலாளி என் தோளைத் தட்டிப் பாத்து வேலைக்கு எடுத்தாரு. தலையைத் தட்டிப் பாத்திருந்தா உள்ள ஒண்ணுமில்லன்னு சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும். அவருக்கு வாய் பேசுததுக்கு முந்தி கை பேசும். மத்தவங்க தோள்ல துண்டு போடுத மாரி, தண்ணி உறிஞ்சுத ரப்பர் குழாயை எப்பமும் தோள்ல போட்டிருப்பாரு. ஒரு மீனு செத்தா நாலு வீச்சு. எம் முதுகைப் பாத்தா செங்கோட்டை தண்டவாளம் தெரியும்னு நானே எல்லாருக்கும் சட்டையத் தூக்கிக் காட்டிச் சிரிப்பேன். நம்மளே சிரிச்சிட்டா அடுத்தவன் சிரிக்கது கொறையும்லா. உள்ள இருந்த மீனும் முதலாளிக்குச் சளைச்சது இல்ல. கிளாத்தின்னு ஒரு மீனு, பக்கத்து மீனோட கண்ணைத்தான் மொதல்ல கடிக்கும். எஞ் சுண்டுவிரல் நுனியும் அதோட வயித்துலதான் போச்சு.

அங்கன மருந்து பாத்தவரு, முன்னால மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவரு. டாக்டரைக் கைநீட்டி அடிச்சிட்டு வந்தவருன்னு பேச்சு. நாங்க எல்லாரும் கம்பவுண்டரண்ணாச்சின்னு கூப்பிடுவோம். அவருக்கும் முதலாளிக்கும் நாளுக்கு ஒரு சண்டை. மொத லோடு மீனை முதலாளி நேரா காட்சித் தொட்டியில தட்டிட்டாரு. வந்த மீனு மேல ரவையத் தூவுன மாரி வெள்ளப் புள்ளி. நாலாம் நாள், அம்புட்டும் வயித்தக் காட்டி மெதந்துச்சு. அண்ணாச்சி அன்னைக்கு நெஞ்ச நிமித்திட்டு நின்னாரு. வாற மீனை மூணு வாரம் தனித் தொட்டியில வச்சி, மயில்துத்தம்னு ஒரு நீல மருந்தைக் கரைச்சி ஊத்தி, புள்ளி உதுந்த பெறவுதான் காட்சித் தொட்டிக்கு மாத்தணும்னாரு. "செத்துப் போச்சுன்னா?"ன்னு முதலாளி கேட்டாரு. "நான் அளந்து ஊத்தினா சாவாது"ன்னாரு. "செத்தா அந்த அளக்குத கையை ஒடிச்சிருவேன்." "ஒடிச்சிக்கிடும்வே"ன்னு சொல்லிட்டு அண்ணாச்சி பீடியைப் பத்த வச்சாரு. ரெண்டு பேரும் வெளையாட்டுக்குச் சொல்லல.

பொறத்தால இருந்த ஷெட்டுல ஒரு கண்ணாடித் தொட்டி. அடுத்த லோடு மீனு அதுக்குத்தான் போச்சு. எனக்கு வேலை என்னன்னா, தொட்டித் தண்ணியக் கோரி, மேல தொங்குத பிஸ்கட் டின்னுல ஊத்தணும். டின்னுல மணலும் துணியும் இருக்கும். அழுக்கு அதுல தங்கிட்டு, தண்ணி ஓட்டை வழியா திருப்பித் தொட்டியிலயே விழும். காட்சித் தொட்டி டின்னுல மணலுக்கு அடியில கரியும் உண்டு, தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கும். ஷெட்டு டின்னுல மட்டும் கரி ஆவாதுன்னுட்டாரு அண்ணாச்சி. "கரி மருந்தைத் தின்னுரும்லே. மருந்து முடிஞ்சப்பறம், தண்ணியில மிச்சம் நிக்கத எடுக்கத்தான் கரி. ஒரு மருந்து இருக்கையில இன்னொண்ணை ஊத்தவும் கூடாது. மொதல்ல கரியப் போட்டு அதை எடு, பெறவு அடுத்தத ஊத்து." நான் சும்மா இருக்கலாம்லா? "கரிக்கு வாய் எங்கன இருக்கு அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். அளவு கிளாஸைப் பத்திரமாக் கீழ வச்சிட்டு, செவுட்டுல ஒண்ணு வச்சாரு.

மூணாம் நாள் ஷெட்டுத் தண்ணி மஞ்சளாகி நாத்தம் எடுத்துச்சு. முதலாளி மூக்கைப் பிடிச்சிட்டே குழாயைத் தோள்லேருந்து உருவுனாரு. அடி வாங்கி முடிச்ச கையோட நான் போயி டீக்கடையில தேங்காச் செரட்டைக்கரி ரெண்டு கை அள்ளிட்டு வந்து, மணலுக்கு அடியில பொதைச்சிட்டேன். மறுநாளே தண்ணி தெளிஞ்சிட்டு. முதலாளி குனிஞ்சி பாத்து, "கொள்ளாம்லே"ன்னாரு. பொறந்ததுலேருந்து என் வேலையை ஒருத்தன் நல்லா இருக்குன்னு சொன்னது அதான் மொதத் தடவை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் கரியத் தெனமும் மாத்துனேன்.

அண்ணாச்சிதான் கெடந்து தவிச்சாரு. புள்ளி உதுரல. மீனு ஒடம்பு அரிச்சி கல்லுல போயி முட்டி முட்டித் தேய்க்குது, செதில் பேந்து ரத்தம் கசியுது. கிளாத்தி அந்த ரத்தத்தப் பாத்து மத்ததைத் தொரத்துது. அண்ணாச்சி மருந்தை அரை அளவு கூட்டுனாரு. பெறவும் கூட்டுனாரு. எங்கயோ ஒருத்தன் சொன்னான்னு முதலாளி இன்னொரு மருந்துப் பாட்டிலத் தூக்கிட்டு வந்து, இதையும் சேத்து ஊத்துவேன்னு நின்னாரு. ரெண்டும் சேந்தா மீனு மூச்சு முட்டிச் சாவும்னு அண்ணாச்சி அவரு கையைப் பிடிச்சாரு. ரெண்டு பேரும் சேத்துல உருண்டாங்க. பாட்டிலப் பிடுங்கி அண்ணாச்சி செவுத்துல எறிஞ்சி ஒடைச்சாரு. ஒதட்டுல ரத்தத்த வழிச்சிட்டே எங்கிட்ட வந்து, "எங்கயோ மருந்து போவுதுலே. நாளைக்குக் காலையில அந்த டின்னைக் கொட்டிப் பாக்கணும்"ன்னாரு.

நான் விடிஞ்சும் விடியாம போயி கரிய அள்ளி ஓடையில கொட்டிட்டு, டின்னை மணல் போட்டுத் தேய்ச்சிக் கழுவி, புது மணலும் புதுத் துணியும் வச்சிட்டு, நல்ல புள்ளையா ஓரமா நின்னேன். அண்ணாச்சி வந்தாரு. டின்னைத் தரையில கவுத்தி மணலை விரலால அளைஞ்சாரு. ஒண்ணுமில்ல. மணலைத் திருப்பி டின்னுக்குள்ளயே அள்ளிப் போட்டாரு. "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சிக்கிடாதலே"ன்னாரு. அப்பமாவது வாயத் தொறந்திருக்கலாம். அளவு பத்தலன்னு தீர்மானம் பண்ணி, ஏற்கெனவே கூட்டி வச்ச அளவையும் ரெட்டிச்சி ஊத்தினாரு. மருந்தைத் தின்ன இப்பம் டின்னுல கரி இல்ல. நான் பாத்துட்டே நின்னேன்.

மதியத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. மீனெல்லாம் மொதல்ல மேல வந்து வாயப் பொளந்துச்சி. பெறவு கோட்டி பிடிச்ச மாரி சுத்திச் சுத்திக் கண்ணாடியில மோதிச்சி. டம்மு டம்முன்னு சத்தம் வெளியில கேட்டு, குளிச்சிட்டு வந்த சனம் எட்டிப் பாக்குது. ஒண்ணு துள்ளித் தரையில விழுந்து எங் காலடியில துடிச்சிது. கடைசியாச் செத்தது கிளாத்தி. அது வரைக்கும் பக்கத்துல மெதந்ததைக் கடிச்சிட்டேதான் இருந்துச்சு.

முதலாளி கத்தல. லாரியிலேருந்து ஜாக்கிக் கம்பிய எடுத்துட்டு வந்தாரு. கூட வந்த லாரிக்காரனுவ ரெண்டு பேரு அண்ணாச்சியப் பிடிச்சிக்கிட்டானுவ. அண்ணாச்சி திமிறல. வலது கையத் தொட்டிக் கட்டையில அவராத்தான் வச்ச மாரி எனக்குப் பட்டுது. மூணு அடி. ரெண்டாவது அடியில எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுது, மூணாவது சும்மா ஆத்திரத்துக்கு. சாரல்ல நனைஞ்சிட்டு அம்புட்டு சனமும் நிக்கி, ஒருத்தனும் ஏன்னு கேக்கல. நானும் கேக்கல. கீழ கெடந்த அண்ணாச்சி எங் கையையே பாத்தாரு. நெகத்துக்கு அடியில கரி. தெரிஞ்சிட்டுன்னு நெனைச்சேன். தெரிஞ்சும் காட்டிக் குடுக்கலைன்னு நெனைச்சேன். அன்னைக்கே அந்த ஷெட்டு டின்னைத் தூக்கிக்கிட்டு மலைப்பாதையில ஓடுனவன், பெறவு குத்தாலத்துல காலு வைக்கல.

மூணு நாலு வருசம் கழிச்சி, சுரண்டை சந்தையில அவரைப் பாத்தேன். மாட்டுக் கயிறு திரிச்சிட்டு இருந்தாரு. வலது கை வளைஞ்சி மரக்கொம்பு மாரி இருந்துது. கன்னுக்குட்டிக்குக் கழிச்சல், ஒரு மருந்து கலக்கித் தாங்கன்னு ஒரு அம்மா நின்னு கெஞ்சுதா. "நான் அளந்தா செத்துரும் தாயி. வேற எடம் பாரு"ன்னு தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. எனக்கு நெஞ்சுல யாரோ கம்பியால அடிச்ச மாரி இருந்துது. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. இத்தன வருசமும் தன் கையாலதான் கொன்னோம்னு நெனைச்சிட்டு இருந்திருக்காரு.

முன்னால போயி உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன், மூச்சு விடாம. அவரு கயிறைக் கீழ வச்சாரு. "எத்தன கை கரிலே?" ரெண்டுன்னேன். "தெனமும் மாத்துனியா?" ஆமான்னேன். இடது கை விரலால மண்ணுல கோடு போட்டாரு, அழிச்சாரு, பெறவும் போட்டாரு. மெல்ல நிமிந்தாரு.

"அப்பம் எம் மொத அளவே சரிதாம்லே?"

"சரிதான் அண்ணாச்சி."

அடுத்த நிமிசம் நான் கயித்துக் கட்டு மேல மல்லாக்கக் கெடந்தேன். அவருக்கு இடது கைப் பழக்கம் நல்லா வந்திருந்துது. ரத்தத்தோட வெளிய விழுந்த பல்லைப் பொறுக்கி எங் கையில வச்சாரு. பெறவு, போய்க்கிட்டிருந்த அந்த அம்மாவப் பாத்து, "தாயி, கன்னுக்குட்டி எத்தன மாசம்?"னு கேட்டுட்டு எந்திரிச்சாரு.

பழைய தகரத்தை எதுக்கு வச்சிருக்கீய, தூரப் போட்டுரட்டான்னு எம் மக இப்பம் கேக்குதா. டின்னைக் கையில வாங்கிப் பாக்கேன். ஓட்டையச் சுத்தி இன்னமும் கருப்பு நிக்கி. அன்னைக்குக் காலையில நான் நல்லாத்தான் கழுவுனேன்.